கடைசிப் பக்கம் மட்டும்

ஒருவருடைய முடிவு தெரிந்துவிட்டால் அவருடைய ஆரம்பத்தை எழுதிவிட முடியுமா?

நாம் தினம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். கடன் தாங்காமல் கடையை மூடியவரைப் பற்றி, 'அவன் போற போக்கு எனக்கு அப்பவே தெரியும் சார்' என்கிறோம். கலெக்டரான பெண்ணைப் பற்றி, 'அஞ்சாங் கிளாஸ்லயே அந்தப் பொண்ணு கண்ணுல ஒரு தீர்மானம் தெரிஞ்சுது' என்கிறோம். அந்தக் கடை திறந்த அன்று வரிசையில் நின்று ஸ்வீட் சாப்பிட்டவர்களில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அஞ்சாங் கிளாஸில் அந்தப் பெண்ணை யாரும் கவனிக்கவே இல்லை. முடிவு வந்தபிறகு சாவகாசமாகப் பின்னால் போய் ஆரம்பத்தைத் திருத்திவிட்டு வருகிறோம்.

இது நியாயமா என்று வேதாந்திகளிடம் கேட்கலாம், வக்கீல்களிடம் கேட்கலாம். எனக்கென்னவோ, இதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கும் இன்னொரு கூட்டத்திடம் கேட்பது உத்தமம் என்று தோன்றுகிறது. அவர்கள் ஜோடிக் கருந்துளைகளுக்கு ஜாதகம் கணிப்பவர்கள். நம் ஜோசியருக்குப் பிறந்த நேரம் தெரியும், மிச்சத்தைச் சொல்லவேண்டும். இவர்கள் பாடு தலைகீழ். பிறந்த நேரமும் தெரியாது, ஊரும் தெரியாது. செத்த நேரம் மட்டும் துல்லியமாகத் தெரியும்.

2015 செப்டம்பர் 14. நம் நேரப்படி பிற்பகல் 3.20. அமெரிக்காவில் லிவிங்ஸ்டன் என்ற ஊரிலும், அங்கிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி ஹான்ஃபோர்டிலும் இருக்கும் லைகோ கருவிகள், 7 மில்லிசெகண்டு இடைவெளியில் ஒரே மாதிரி சிலிர்த்தன. ஒவ்வொரு கருவிக்கும் 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கைகள். அந்தக் கைகளின் நீளம் ஒரு புரோட்டானின் அகலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக மாறியது. எல்லாம் 0.2 செகண்டு. அவ்வளவுதான் சங்கதி.

அதைப் பிரித்துப் படித்தார்கள். சூரியனைப்போல 36 மடங்கு எடையுள்ள ஒரு கருந்துளையும், 29 மடங்கு எடையுள்ள இன்னொன்றும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து மோதி, 62 மடங்கு எடையுள்ள ஒரே கருந்துளையாகிவிட்டன. 36-ம் 29-ம் 65 ஆச்சே, பாக்கி 3 எங்கே என்று கணக்குப்பிள்ளை மாதிரி கேட்பீர்கள். அந்த மூன்று சூரியன்களின் எடையும் ஈர்ப்பலையாக மாறி பிரபஞ்சம் முழுக்கப் பரவிவிட்டது. அதில் ஒரு துளியைத்தான் லைகோ பிடித்தது. மோதல் நடந்தது சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். 2016 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 2017-ல் இதற்கு நோபல் பரிசு.

பரிசு கிடக்கட்டும். நம் கையில் இருப்பது ஒரு நாவலின் கடைசிப் பக்கம் மட்டும். முன் பக்கங்கள் அத்தனையும் கிழிந்துபோய்விட்டன. அந்த இரண்டு பேரும் எங்கே பிறந்தார்கள், எப்போது சந்தித்தார்கள், எப்படி இவ்வளவு நெருங்கினார்கள்?

நெருக்கம்தான் பெரிய சிக்கல். சுற்றிவரும் கருந்துளைகள் ஈர்ப்பலையாகச் சக்தியை இழந்து மெல்ல நெருங்கும். ஆனால் அது ரொம்ப ரொம்ப மெல்ல. இந்த எடையில் இரண்டை, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள 15 கோடி கிலோமீட்டர் இடைவெளியில் வட்டமாகச் சுற்றவிட்டால், மோதிக்கொள்ள பிரபஞ்சத்தின் வயதைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல் காலம் ஆகும். பிரபஞ்சத்துக்கு வயது 1,380 கோடி ஆண்டுதான். அதற்குள் மோதவேண்டுமானால் ஆரம்ப இடைவெளி ஏறக்குறைய மூன்றரைக் கோடி கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். ஆனால் இந்த மாதிரி கருந்துளைகளைப் பெற்றெடுக்கும் ராட்சத நட்சத்திரங்கள் வயதானால் சூரியனைப்போல ஆயிரம் மடங்குகூட ஊதக்கூடியவை. அதாவது மையத்திலிருந்து விளிம்புக்கு 70 கோடி கிலோமீட்டர். ஒரு ஆட்டோ நிறுத்துகிற இடத்தில் இரண்டு லாரிகளை நிறுத்தியது யார்?

பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிடலாமே என்றால் முடியாது. கருந்துளைக்கு ஞாபகசக்தி கிடையாது. எதை விழுங்கி உருவானது, எந்த நட்சத்திரமாக இருந்தது, எதுவும் அதன்மேல் எழுதியிருக்காது. எடை, சுழற்சி, மின்னூட்டம் என்று மூன்றே அடையாளம். இயற்பியல்காரர்கள் இதை, 'கருந்துளைக்கு முடி கிடையாது' என்பார்கள். சுத்த வழுக்கை. வழுக்கைத் தலையைப் பார்த்து, முன்பு சுருட்டை முடியா நேர் முடியா என்று யார் சொல்வது?

எனவே அவர்கள் புத்திசாலித்தனமாக வேறொன்று செய்கிறார்கள். முடிவை மூடி வைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து வருகிறார்கள். கம்ப்யூட்டருக்குள் லட்சக்கணக்கில், சமயத்தில் கோடிக்கணக்கில், ஜோடி நட்சத்திரங்களைப் பிறக்கவைக்கிறார்கள். எடை இவ்வளவு, இடைவெளி இவ்வளவு, ஹைட்ரஜன் ஹீலியம் தவிர்த்த கனமான தனிமங்கள் இவ்வளவு என்று விதவிதமாகக் கொடுத்து வாழவிடுகிறார்கள். சில உரசி ஒன்றாகிவிடுகின்றன. சில, ஒன்று வெடித்த வேகத்தில் உதைபட்டு ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிடுகின்றன. சில கருந்துளை ஆகிற அளவுக்குத் தேறுவதே இல்லை. மிகச் சிலதான் ஜோடிக் கருந்துளையாகி, மோதவும் செய்கின்றன.

அப்படித் தேறிய ஜோடிகளின் சரித்திரம் சுவாரஸ்யமானது. இரண்டில் கனமானது முதலில் மூப்படைந்து ஊதுகிறது, தன் மேல்சட்டையைப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிட்டுக் கருந்துளையாகிறது. வாங்கிக்கொண்டு கொழுத்த இரண்டாவதும் பிற்பாடு ஊதி, அந்தக் கருந்துளையையே தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. ஒரே போர்வைக்குள் இரண்டு பேர். போலந்து வானியலாளர் பச்சின்ஸ்கி 1976-ல், நெருக்கமான வேறு வகை ஜோடிகளை விளக்க முன்வைத்த யோசனை இது. போர்வைக்குள் கருந்துளை சுழன்று சுழன்று உராய்வில் நெருங்குகிறது. அந்தச் சூட்டில் போர்வை பிய்த்துக்கொண்டு பறந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் நெஞ்சுப்பகுதியும் ஒருநாள் கருந்துளை. லாரிகளின் உடம்பையெல்லாம் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் ஆட்டோ ஸ்டாண்டில் வைத்த மாதிரி.

பிரமாதம், விடை கிடைத்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். இன்னொரு கூட்டம் வேறு கதை சொல்கிறது. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நெருக்கியடித்து வாழும் உருண்டைக் கொத்துகள் உண்டு. அங்கே கனமான கருந்துளைகள் மெல்ல மையத்துக்கு இறங்கும். ஒரு ஜோடியின் பக்கத்தில் மூன்றாவது ஆசாமி வந்தால் கொஞ்சநேரம் தள்ளுமுள்ளு. வழக்கமாக மூவரில் இளைத்தது தூக்கியெறியப்படும், மிஞ்சிய இரண்டும் இன்னும் இறுகும். இப்படிப் பல தடவை நடந்தால், பிறக்கும்போது அறிமுகமே இல்லாத இரண்டு பேர் மோதும் தூரத்துக்கு வந்துவிடுவார்கள். மூன்றாவது கதையும் உண்டு. ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொண்டு வேகமாகச் சுழலும் இரண்டு நட்சத்திரங்கள் உள்ளே நன்றாகக் கலக்கப்பட்டு, ஊதாமலே வாழ்ந்து, நேராகக் கருந்துளைகளாகும்.

2016-ல் பெல்சின்ஸ்கியின் குழு, சூரியனைப்போல 40 முதல் 100 மடங்கு எடையுள்ள இரண்டு நட்சத்திரங்களில் ஆரம்பித்தால் முதல் வழியில் அந்த செப்டம்பர் 14 மோதல் வரும் என்று கணக்குக் காட்டியது. அதே ஆண்டில் வேறு குழுக்கள் மற்ற இரண்டு வழிகளிலும் அதே மோதலைக் கொண்டுவந்து காட்டின. யாருடைய கணக்கும் தப்பில்லை. மூன்று வேறு நாவல்கள், ஒரே கடைசிப் பக்கம்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை வருகிறது. நாமாக இருந்தால் பிடித்த நாவலைத் தேர்ந்தெடுத்து, 'இப்படித்தான் நடந்திருக்கும்' என்று அடித்துச் சொல்லியிருப்போம். 'இருக்கும்' என்ற சொல் நாலு பேர் வாய் மாறினதும் 'இப்படித்தான் நடந்தது' என்றாகிவிடும். அவர்கள் அந்த ஒரு மோதலைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதில்லை. மோதல்களைச் சேகரிக்கிறார்கள். 2025-க்குள் இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பிறவி ஜோடிகள் என்றால் இரண்டும் பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சுழலவேண்டும், கூட்டத்தில் சந்தித்தவை என்றால் சாய்வு தாறுமாறாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெரியாதது, மொத்தமாகப் பார்த்தால் மங்கலாகத் தெரிகிறது. மாடல் கூட்டத்தைப் பற்றித்தான் பேசும். தனி ஆளைப் பற்றி, 'இன்னின்ன வழிகள் சாத்தியம்' என்று நிறுத்திக்கொள்ளும்.

மாடல் என்றாலே திருகுகள் இருக்கும். போர்வையைப் பிய்க்க எவ்வளவு சக்தி செலவாகும், கருந்துளை பிறக்கும்போது எவ்வளவு உதைவாங்கும், நட்சத்திரக் காற்றில் எவ்வளவு எடை பறந்துபோகும் என்று ஏகப்பட்ட திருகுகள். ஒவ்வொன்றையும் கொஞ்சம் முறுக்கினால் வேண்டிய விடை வரும். இந்த ஆபத்து அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2010-ல், மேம்படுத்தப்பட்ட லைகோ ஆண்டுக்கு எத்தனை ஜோடிக் கருந்துளை மோதல்களைப் பிடிக்கும் என்று கணித்து வெளியிட்டார்கள். நடுவாந்தரமாக 20. குறைந்தபட்சம் 0.4. அதிகபட்சம் 1,000! உங்கள் ஜோசியர் 'உமக்கு அரைக் குழந்தையிலிருந்து ஆயிரம் குழந்தைவரை பிறக்கலாம்' என்றால் எழுந்து வந்துவிடுவீர்கள். எனக்கு அதில் கேலி தெரியவில்லை. தெரிந்ததன் எல்லையை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு ஜோடிக்காகத் திருகை முறுக்கினால், அதே முறுக்கு கம்ப்யூட்டரில் உள்ள எல்லா ஜோடிகளுக்கும் பொருந்தவேண்டும். ஆளுக்கொரு திருகு கிடையாது.

நம் வீட்டில் இந்த விதியை நடைமுறைப்படுத்திப் பாருங்கள். நம் பையன் ஃபெயிலானால், 'கொஸ்டின் பேப்பர் ரொம்ப டஃப்பாம், வெளிய இருந்து கேட்டுட்டானாம்.' பக்கத்து வீட்டுப் பையன் ஃபெயிலானால், 'எந்நேரமும் ஊர் சுத்தினா?' நமக்கு வாய்த்த நல்லதற்கு உழைப்புத் திருகு, கெட்டதற்கு அதிர்ஷ்டத் திருகு. அடுத்தவருக்கு அப்படியே இடம் மாற்றி முறுக்குகிறோம். இப்படி ஒரு மாடலை விஞ்ஞான சஞ்சிகைக்கு அனுப்பினால் தபால் செலவுதான் மிச்சம்.

கருந்துளைக்காரர்களின் மாடல்களும் உதை வாங்கியிருக்கின்றன. சூரியனைப்போல ஏறத்தாழ 65-லிருந்து 120 மடங்குவரை எடையுள்ள கருந்துளை, தனி நட்சத்திரம் இறந்து உண்டாக முடியாது என்று கணக்கு சொன்னது. அந்த ரகத்துக்கான நட்சத்திரம் எதையும் மிச்சம் வைக்காமல் சிதறிவிடும். 2019 மே 21 அன்று வந்த சமிக்ஞையில் ஒரு கருந்துளை 85 மடங்கு என்று தெரிந்தது. முன்பே மோதி ஒன்றான கருந்துளை மறுபடி ஜோடி சேர்ந்ததோ என்று யோசிக்கிறார்கள். 2022-ல் இன்னொரு சங்கடம். கையா விண்கலத்தின் அளவுகளிலிருந்து, வெறும் 1,560 ஒளியாண்டு தூரத்தில், சூரியனைப்போன்ற ஒரு நட்சத்திரம் 9.6 மடங்கு எடையுள்ள கருந்துளையை 186 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதைக் கண்டுபிடித்தார்கள். இதுவரை தெரிந்த கருந்துளைகளில் நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான். போர்வைக் கதைப்படி அந்தச் சின்ன நட்சத்திரம் விழுங்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது இன்னும் ஒட்டிப்போயிருக்கவேண்டும். அது பாட்டுக்குச் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்டுபிடித்தவர்களே, வழக்கமான மாடல்களால் இதை எளிதில் விளக்க முடியவில்லை என்று எழுதினார்கள்.

கணக்கு காட்டும் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் தள்ளுவது இதற்கு நேர் எதிரான குணம். 1930-ல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்துமுடித்த 19 வயது சந்திரசேகர், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ஒரு கணக்குப் போட்டார். வெள்ளைக் குள்ளன் நட்சத்திரம் ஒரு எல்லைக்குமேல் கனமாக இருக்கமுடியாது என்று வந்தது. அப்படியானால் அதைவிடக் கனமானவை என்ன ஆகும்? 1935-ல் லண்டனில் அவர் இதை விளக்கியபோது எடிங்டன் என்ற மேதை எழுந்து பரிகசித்தார். எடிங்டனுக்குக் கணக்கு தெரியாமலில்லை. நட்சத்திரம் அப்படி அபத்தமாகச் சுருங்கிக்கொண்டே போவதை இயற்கை அனுமதிக்காது என்ற பிடிவாதம். சந்திரசேகர் ஆரம்பத்திலிருந்து நடந்து வந்தார், எடிங்டன் முடிவைப் பார்த்து முகம் சுளித்தார். நோபல் வர 1983 ஆயிற்று.

முடிவைப் பார்த்து ஆரம்பத்தை எழுதுவது எவ்வளவு தப்பாகப் போகும் என்பதற்கு, கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி ஒன்று ஆகாயத்தில் இருக்கிறது. அல்கால் என்ற நட்சத்திரம். அரபியில் பேயின் தலை என்று பொருள் வரும். 2 நாள் 21 மணிக்கு ஒருமுறை மங்கும். ஒரு நட்சத்திரத்தை இன்னொன்று மறைப்பதால் இப்படி ஆகலாம் என்று 1783-ல் காது கேளாத இளைஞர் குட்ரிக் சொன்னார். பிற்பாடு இரண்டையும் எடைபோட்டவர்களுக்குத் தலை சுற்றியது. கனமான நட்சத்திரம் சீக்கிரம் மூப்படையும் என்பது விதி. இங்கே சூரியனைப்போல மூன்று மடங்குக்கு மேல் கனமானது இளமையாக இருக்கிறது, சூரியனைவிட இளைத்தது ஊதிப்போய்க் கிழடு தட்டி நிற்கிறது. 1950-களில்தான் விடை தெளிவானது. இன்று இளைத்திருப்பதுதான் ஒருகாலத்தில் பெரியது. தன் உடம்பைக் கொடுத்துக் கொடுத்து இளைத்துவிட்டது. வாங்கியது இப்போது ஜொலிக்கிறது.

இந்த மாதிரி வீடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு மளிகைக்கடையில் மூட்டை தூக்கித் தம்பியைப் படிக்கவைத்திருப்பார். இருபது வருஷம் கழித்துக் கல்யாண வீட்டுக்கு வரும் புதுச் சம்பந்தி, தம்பியைச் சோபாவில் உட்காரவைத்து, 'என்ன பெர்சனாலிட்டி!' என்பார். வாசலில் செருப்பை ஒழுங்குபடுத்தும் பெரியவரைப் பார்த்து, 'அவர் யாரு, ஒண்ணும் உருப்படலையோ?' என்பார். பேயின் தலையைத் தப்பாகப் படித்த அதே தப்பு. உருண்டைக் கொத்தின் கதையில் தூக்கியெறியப்பட்டவை இன்னும் பாவம். மோதிய இரண்டின் எடைதான் லைகோவுக்குத் தெரிகிறது, இறுகவைத்துவிட்டு இருட்டில் போனவற்றின் கணக்கு கடைசிப் பக்கத்தில் இல்லை.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்கிறோம். நல்ல பழமொழிதான். ஆனால் அறுவடை முடிந்து சொல்கிற பழமொழி. அதே மாதிரி முளைத்து, தண்ணீர் வராமல் காய்ந்துபோன பயிர்களை யார் எண்ணி வைத்தார்கள்? கம்ப்யூட்டர்காரர்கள் எண்ணுகிறார்கள். பிரிந்த ஜோடி, உதைபட்ட ஜோடி, விழுங்கப்பட்ட ஜோடி, எல்லாம் அவர்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. ஒரே மாதிரி பிறந்த இரண்டு ஜோடிகளில் ஒன்று மோதுவதையும், இன்னொன்று ஒரு சின்ன உதையில் பிரிவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆகையால்தான் தேறிய ஜோடியை 'இது ஜெயிக்கப் பிறந்தது' என்று புகழும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

'அப்படியானால் யாரையுமே எடைபோடக் கூடாதா? எல்லாம் தலையெழுத்தா? திருடனைக்கூட விட்டுவிடலாமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எந்தக் கதையும் சரி என்று மாடல் சொல்வதில்லை. பூமி-சூரியன் தூரத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த அந்த இரண்டும் தாங்களாகவே நெருங்கி மோதின என்று சொன்னால் இயற்பியல் சிரிக்கும். சில கடந்தகாலங்கள் சாத்தியமே இல்லை, சில அதிக சாத்தியம், சில குறைவு. சாட்சி வரவர அந்த எடை மாறும். திருடனைப் பிடிக்கக் கைரேகை இருக்கிறது, அவன் செய்த காரியத்துக்குத் தண்டனை கொடுங்கள். ஒரு செயலுக்குத் தீர்ப்புச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். 'இவன் பிறவியே இப்படி' என்ற தீர்ப்புக்குத்தான் நம்மிடம் ஆதாரம் இல்லை. அதற்கு அவன் நடந்து வந்த வழி தெரிந்திருக்கவேண்டும். அதே இடத்திலிருந்து கிளம்பி வேறு எங்கோ போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்றும் தெரிந்திருக்கவேண்டும். நமக்கு இரண்டும் தெரியாது. 0.2 செகண்டு தெரியும்.

நம் விஷயத்திலும் இது உண்டு. நன்றாக வாழ்கிறவர் தன் கதையைச் சொல்லும்போது கூர்ந்து கேளுங்கள். நாலு மணிக்கு எழுந்தது வரும், தெருவிளக்கில் படித்தது வரும். யார் உடம்பிலிருந்து எவ்வளவு வாங்கினோம், யார் தூக்கியெறியப்பட்டதில் நாம் இறுகினோம் என்பது வராது. நாலு மணிக்கு எழுந்தது பொய்யில்லை. ஆனால் அதே நாலு மணிக்கு எழுந்த இன்னும் பல பேரைப் பற்றி யாரும் பேட்டி எடுப்பதில்லை.

அடுத்த தடவை யாரைப் பற்றியாவது 'அவன் அப்பவே அப்படித்தான்' என்று வாய்வரை வந்தால், ஒரு காகிதம் எடுங்கள். அதே முடிவுக்கு வந்து சேரக்கூடிய வேறு இரண்டு வழிகளை எழுதிப் பாருங்கள். ரொம்ப நேரம் ஆகாது. எழுதிய பிறகும் அந்த வாக்கியத்தைச் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். முதலில் அந்தக் காகிதத்தில் உங்கள் பெயரையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். திருகு எல்லோருக்கும் ஒன்றுதான்.